ஏரியல் கம்பியில் தொங்கிய பை

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, யாங்கூனில் நாங்கள் குடியிருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தில் இது நடந்தது. எதையும் வரிசை போட்டுச் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும். ஆகவே முதலில் வரிசை.

1. மதியம் மின்சாரம் போனது.
2. சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.
3. என் சின்ன ரேடியோவில் லண்டன் நிகழ்ச்சி, இதற்கு முன் ஒருபோதும் வராத தெளிவோடு வந்தது.
4. ஏன் இத்தனை தெளிவு என்று எனக்குப் புரியவில்லை. புரியாமலே ரசித்துக் கேட்டேன்.
5. அதே நேரம் நாலாம் மாடியில் ஓர் அம்மா, தன் மகளுடைய மருந்து வந்து சேராமல் தவித்துக்கொண்டிருந்தார்.
6. மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் காரணம் ஒன்றுதான்.

ஆறாவது நம்பும்படி இல்லை என்று தெரியும். கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

நகரின் வடக்கே ஷ்வேப்யிதாவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தையல் இயந்திர மோட்டார், ஜெனரேட்டர், கொதிகலன் என்று எது நின்றாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். நாள் முழுவதும் இரைச்சல். வீட்டுக்கு வந்தால் எனக்கு யாராவது அமைதியாகப் பேசுவதைக் கேட்க வேண்டும். அதற்கு எனக்குக் கிடைத்தது லண்டன் வானொலி.

பக்கத்து ஊரான மாவ்பியில் தொழில்நுட்பம் படித்த காலத்தில் விடுதித் தோழி ஒருத்தி ஆங்கிலம் பழகுவதற்காகக் கேட்பாள். கூடவே நானும் கேட்டேன். அவள் ஆங்கிலம் பழகி முடித்து விட்டுவிட்டாள். நான் விடவில்லை. இணையம் ஒழுங்காக இருக்கும் நாட்களில் கைப்பேசியில் கேட்பேன். கடல் வானிலை அறிக்கை ஒன்று வாசிப்பார்கள். எந்தக் கடலில் எவ்வளவு காற்று, எங்கே மூடுபனி என்று கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் வாசிப்பதுபோல ஒரே சீராகப் போகும். அந்தக் கடல்களில் எனக்கு ஒரு படகும் கிடையாது. இருந்தாலும் எல்லாப் படகும் பத்திரமாகக் கரை சேரட்டும் என்று மனதில் நினைத்துக்கொள்வேன். இணையம் இல்லாத நாட்களில் சிற்றலை ரேடியோ. அந்த நாட்கள்தான் இப்போது அதிகம்.

அவர்களிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மிகச் சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் முகம் சுளிக்காமல் பேசுவார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். ஆனால் 'நீங்கள் சொல்வது சுவாரசியமாக இருக்கிறது' என்று ஆரம்பித்துத்தான் மறுப்பார். எங்கள் தொழிற்சாலைக் கூட்டத்தில் இப்படிப் பேசினால் எப்படி இருக்கும் என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

சிற்றலைக்கு நல்ல ஏரியல் வேண்டும். நாங்கள் இருப்பது கடைசி மாடியான ஆறாம் மாடி. பால்கனியிலிருந்து மெல்லிய செம்புக் கம்பி ஒன்றைத் தெருப்பக்கமாகத் தொங்கவிட்டேன். ஒரே நீளமாகக் கிடைக்காததால் இரண்டு துண்டுகளை முறுக்கிச் சேர்த்தேன். வெறும் கம்பி காற்றில் ஆடுமே என்று அடியில் கனமாக இருக்கட்டும் என ஓர் இரும்புக் கிளிப் மாட்டினேன். காகிதக் கட்டுகளைக் கவ்விப் பிடிக்குமே, அந்தப் பெரிய கிளிப்.

இந்தக் கிளிப்பில்தான் கதையே இருக்கிறது.

யாங்கூனில் பழைய கட்டடங்களுக்கு மின்தூக்கி கிடையாது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். மேல்முனையில் ஒரு மணி, கீழ்முனையில் ஒரு கிளிப். செய்தித்தாள்காரர், காய்காரி, தெரிந்தவர், உறவுக்காரர் யார் வந்தாலும் கயிற்றை இழுப்பார்கள். மேலே மணி அடிக்கும். கொண்டுவந்ததைக் கிளிப்பில் மாட்டிவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் மேலே இழுத்துக்கொள்வார். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் கட்டடத்துக்கு விழுது விட்டதுபோல இருக்கும். அத்தனை விழுதுகளுக்கு நடுவே, கீழே கிளிப் தொங்கும் இன்னொரு விழுதை நான் விட்டிருந்தேன். மேலே மணி மட்டும் இல்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், ஆனாலும் எனக்கு அது ஏரியலாகத்தான் தெரிந்தது.

கம்பி போகும் வழியில் ஐந்தாம் மாடி பால்கனியின் இரும்பு கிரில் இருந்தது. காற்றடித்தால் கம்பி போய் அதில் சிக்கிக்கொள்ளும். அந்த வீட்டில் இருப்பவர் ஒரு பர்மிய ஆன்ட்டி. தனியாக இருக்கிறார். என்னைத் 'தமீ' என்றுதான் கூப்பிடுவார். பர்மிய மொழியில் 'மகளே' என்று அர்த்தம்; அவர் சொல்லும்போது பாதி நாள் அதில் திட்டும் கலந்திருக்கும்.

"தமீ, உன் லண்டன் என் கிரில்ல வந்து மாட்டிக்கிட்டு இருக்கு. எடு. துணி காயப் போட இடம் இல்ல."

"காத்து அடிச்சா தானா வந்துரும் ஆன்ட்டி."

"காத்து என் வேலைக்காரியா?"

இப்படி ஓடிக்கொண்டிருந்தது.

நாலாம் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவருக்கு ஆற்றின் அந்தப் பக்கம் தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பாலத்தைத் தாண்டிப் பேருந்தில் போய் வருவார். மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு ஒரே பெண், பள்ளிக்கூடம் போகும் குழந்தை. சிறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். ஒரு வேளை தவறினாலே கஷ்டம். இந்தக் காலத்தில் இங்கே மருந்து கிடைப்பதும் எளிதல்ல. அந்த வாரம் பல கடைகளில் கேட்டுப் பார்த்து, கடைசியில் தெரிந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் இரண்டு குப்பிகள் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருந்தது அன்று காலையோடு தீர்ந்துவிட்டது. பாப்பாவுக்குக் காலையிலிருந்தே உடம்பு சரியில்லை. அவளைத் தனியே விட்டு அக்காவால் போக முடியவில்லை. கடைக்காரர் ஐஸ் போட்ட பையில் வைத்து, சைக்காக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். சைக்கா என்றால் பக்கத்தில் இருக்கை வைத்த மூன்று சக்கர மிதிவண்டி. சனிக்கிழமையானதால் கடையையும் மதியத்தோடு மூடிவிட்டார்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று மதியம் எனக்குத் தெரிந்ததெல்லாம், அரை நாள் வேலை முடிந்துவிட்டது, அம்மா கோயில் சமையலுக்கு உதவப் போயிருக்கிறார், வீடு முழுவதும் எனக்கு என்பது மட்டும்தான்.

மின்சாரம் போனது. எல்லோரும் சலித்துக்கொள்வார்கள், எனக்குள் ஒரு ரகசிய சந்தோஷம் வரும். கட்டடத்தில் உள்ள விளக்கு, சார்ஜர், மோட்டார் எல்லாம் அணைந்தால் ரேடியோவில் இரைச்சல் குறையும். எங்கள் தெருவில் மின்சாரம் போனால் லண்டன் பக்கத்தில் வரும். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மழை ஆரம்பித்தது.

நேயர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு விடை தேடிப் போகும் நிகழ்ச்சி அது. அன்றைய கேள்வியை ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் அனுப்பியிருந்தார். பிளாஸ்கில் வைத்த தேநீர் ஏன் கோப்பையில் ஊற்றிய தேநீர் மாதிரி ருசிப்பதில்லை? நிகழ்ச்சி நடத்தும் பெண் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ஒரு தேநீர்க்கடைக்குப் போனார். நாலு பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்துப் பார்த்துச் சண்டை போட்டார்கள், வெகு மரியாதையாக.

ஆரம்பத்தில் வழக்கம்போல அலை அடித்துக்கொண்டுதான் இருந்தது. திடீரென்று ஒரு கணம் கரகரவென்று சத்தம். அடுத்த கணம் எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. ஒருவர் தேநீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பேசுபவர் அடுத்த வார்த்தைக்கு முன் மூச்சிழுப்பது கேட்டது. இத்தனை வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து என் மேஜையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முடிவுவரை கேட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து இயர்போனைக் கழற்றியதும்தான் எனக்குள் தொழிற்சாலைக்காரி விழித்துக்கொண்டாள். எங்கள் மேற்பார்வையாளர் அடிக்கடி ஒன்று சொல்வார்: இயந்திரம் காரணம் தெரியாமல் கெட்டுப்போனாலும் போய்ப் பார், காரணம் தெரியாமல் நன்றாக ஓடினாலும் போய்ப் பார். மின்சாரம் போனால் இரைச்சல் குறையும், சரி. ஆனால் இந்த அளவுக்கா? கம்பியில் ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று தெரிந்தால் தினமும் அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்ற ஆசை. ஆசையில்தான் எழுந்து போனேனே தவிர வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை.

பால்கனிக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். கிரில்லில் சிக்கியிருந்த கம்பி விடுபட்டு, விறைப்பாக நேரே கீழே இறங்கியிருந்தது. அதன் அடியில், தெருவுக்குச் சற்று மேலே, ஒரு வெள்ளைப் பை மழையில் ஆடிக்கொண்டிருந்தது.

நாலாம் மாடி பால்கனியில் அக்கா நின்றிருந்தார். பாதி உடம்பு வெளியே. முகத்தைத் திருப்பித் தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பை அவருக்கு நேர் கீழே தொங்கியது. கொஞ்சம் குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் குனியவில்லை, வர வேண்டியது தெரு முனையிலிருந்துதானே வரும்.

"அக்கா! யாரைப் பாக்கறீங்க?"

அண்ணாந்தார். முகம் முழுக்க மழைத்தண்ணீர். அதில் எது மழை என்று எனக்குத் தெரியவில்லை.

"பாப்பா மருந்துடா. சைக்காவுல அனுப்பறேன்னாங்க. இன்னும் காணோம். போன்ல லைனும் இல்ல. பாப்பா வாந்தி எடுத்துட்டா. நான் என்ன செய்வேன்?"

"கீழ பாருங்கக்கா. உங்களுக்கு நேர் கீழ."

பார்த்தார். "அமலே!" என்று ஓர் அலறல். நாங்கள் எந்த மொழி பேசினாலும் பயம் வந்தால் வாயில் வருவது இந்தப் பர்மிய 'அம்மாடி'தான்.

எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றும் மழையும் வந்ததும் எல்லோரையும்போல அக்காவும் தன் வீட்டுக் கயிற்றை மேலே சுருட்டிக்கொண்டுவிட்டார். சைக்காக்காரர் குரல் கொடுத்தால் இறக்கலாம் என்று. அவர் குரல் கொடுத்தபோது அக்கா பாப்பாவைக் கவனிக்க உள்ளே போயிருந்திருக்கிறார். மழையில் யார் காதிலும் விழவில்லை. தொங்கிக்கொண்டிருந்தது ஒரே ஒரு கிளிப். அதைப் பிடித்து இழுத்திருக்கிறார். சிக்கியிருந்த கம்பி விடுபட்டு ஒரு முழம் இறங்கி, பிறகு வெடுக்கென்று நின்றிருக்கிறது. மேலே யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்து, பையை மாட்டிவிட்டு, மழைத் தண்ணீரில் சைக்காவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கரகரவென்று கேட்டது அந்த இழுப்புதான்.

பையை மேலே இழுக்கக் கம்பியில் கை வைத்தேன். வைத்த உடனே நிறுத்திவிட்டேன். இரண்டு துண்டுகளை முறுக்கிச் சேர்த்த இடம் ஐந்தாம் மாடி கிரில்லுக்கு நேராக இருந்தது. அங்கே முறுக்கு பிரிய ஆரம்பித்திருந்தது. ரேடியோ அலையைப் பிடிக்கக் கட்டிய முடிச்சு. ஐஸ் கட்டியைத் தாங்கக் கட்டியதல்ல. நான் இழுத்தால் அது கழன்றுகொள்ளும். கீழே கல் பாவிய நடைபாதை. பைக்குள் கண்ணாடிக் குப்பிகள். கடையும் மூடியாகிவிட்டது.

கீழே ஓடி எடுக்கலாமா? ஆறு மாடி இறங்குவதற்குள் முறுக்கு தாங்குமா? காற்று பையை ஆட்டிக்கொண்டே இருந்தது. ஒரே வழிதான். முறுக்குக்குக் கீழே யாராவது பிடிக்க வேண்டும். அக்காவின் கைக்குக் கம்பி எட்டாது; ஐந்தாம் மாடி கிரில்லை அது ஒட்டியே போனது.

"ஆன்ட்டி! ஆன்ட்டி! பால்கனிக்கு வாங்க!"

ஐந்தாம் மாடிக் கதவு திறந்தது. "என்ன தமீ? கரண்ட் இல்ல, மழை கொட்டுது, இப்பவும் லண்டனா?"

"கம்பியைப் பிடிங்க ஆன்ட்டி. முறுக்கு இருக்குல்ல, அதுக்குக் கீழ பிடிங்க. விட்டுடாதீங்க. பாப்பா மருந்து தொங்குது."

அவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரில்லுக்குள் கையை விட்டுக் கம்பியைப் பிடித்தார். இரண்டு நொடி இருக்கும், என் கையில் இருந்த பகுதி லேசாகிவிட்டது. முறுக்கு கழன்றுவிட்டது. நான் வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றிருந்தேன்.

அதற்குமேல் எனக்கு வேலை இல்லை, கத்துவதைத் தவிர. ஆன்ட்டி ஈரக் கம்பி கையை அறுக்காமல் இருக்கத் தோளில் இருந்த துண்டைச் சுற்றிக்கொண்டு, கிரில் கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். பை முதல் மாடி தாண்டியது. இரண்டாம் மாடி தாண்டியது. மூன்றாம் மாடியில் வெயிலுக்கு மறைப்பாகத் தகரம் அடித்திருந்தார்கள். பை அதன் அடியில் போய் முட்டி நின்றது. அந்த வீட்டில் யாரும் இல்லை. பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

"ஏன் வரமாட்டேங்குது?"

"தகரத்துல முட்டுது ஆன்ட்டி. இழுக்காதீங்க! பை கிழிஞ்சுரும்."

"இழுக்காதேங்கறா, விடாதேங்கறா. கை என்னோடது."

"அக்கா, துணி காயப் போடற கொம்பு இருக்கா? அதால பையை வெளியே தள்ளுங்க."

அக்கா உள்ளே ஓடி மூங்கில் கொம்போடு வந்தார். முதல் தடவை தகரத்தில் பட்டுத் தடாலென்று சத்தம். இரண்டாம் தடவை கொம்பின் நுனி கம்பியில் பட்டுப் பையைத் தெருப்பக்கம் தள்ளியது.

"இப்ப இழுங்க!"

ஆன்ட்டி இழுத்தார். பை தகரத்தின் விளிம்பை உரசிக்கொண்டு மேலே வந்தது. அக்கா கொம்பால் பையைத் தன் பக்கம் ஒதுக்கி, கொம்பைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் அந்தப் பையை அணைத்துப் பிடித்தார். பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் படிகளில் இறங்கி ஓடினேன். நான் போவதற்குள் ஆன்ட்டி அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். பையில் ஐஸ் பாதி கரைந்திருந்தது, மீதி இருந்தது. குப்பிகள் இரண்டும் முழுசாக, சில்லென்று இருந்தன. அக்கா விளக்கு இல்லாத அறையில் ஜன்னல் ஓரமாக நின்று ஊசியில் மருந்தை ஏற்றினார். பாப்பா சோர்ந்து படுத்திருந்தவள், எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் எல்லாரும் நனைஞ்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கிளிப்பைத் தொங்கவிட்டவள் நான்தானே. அவர் என் தலையில் வழிந்த தண்ணீரைத் தன் கையால் துடைத்துவிட்டு, "நீ எட்டிப் பாத்தியே" என்றார். அவ்வளவுதான்.

சற்றுப் பொறுத்துப் பாப்பா தண்ணீர் கேட்டுக் குடித்தாள். வாந்தி வரவில்லை. அதன் பிறகுதான் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆன்ட்டி உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு. நான் மருந்து போடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார்.

"அப்படி என்னதான் சொல்றான் உன் லண்டன்காரன்? இவ்வளவு நடக்குது, உனக்குக் கேக்கவே இல்லையே."

பிளாஸ்கில் வைத்த தேநீர் ஏன் ருசி மாறுகிறது என்று அரை மணி நேரம் பேசினார்கள் என்றேன்.

ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு ரேடியோ வேணுமா? பிளாஸ்க்கைக் கழுவியிருக்க மாட்டான்."

அக்கா முதலில் சிரித்தார். சிரிப்பு அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாக வந்தது. சாயங்காலம் பாலம் தாண்டி அவர் கணவர் வந்து சேர்ந்தபோது பாப்பா எழுந்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சைக்காக்காரரும் வந்தார். விஷயம் தெரிந்து பதறிப் போயிருந்தார். 'கிளிப் இருந்தது, மாட்டினேன்' என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. எங்கள் ஊரில் கிளிப் இருந்தால் மாட்டத்தான் செய்வார்கள்.

ஏரியலே இனி வேண்டாம் என்று நான் கம்பியைச் சுருட்டினேன். அதைத் தடுத்தது ஆன்ட்டிதான். "வேலை முடிஞ்சு வந்து நீ தனியா சிரிக்கற சத்தம் எனக்குக் கேக்கும். அது இல்லாம வீடு என்னவோ மாதிரி இருக்கும். வேற எங்கயாவது கட்டு" என்றார். என் சிரிப்பு கீழே கேட்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இயர்போன் மாட்டியவளுக்கு எப்படித் தெரியும்?

லண்டன்காரர்களை இப்போதும் அதே பிரியத்தோடு கேட்கிறேன். உலகத்தின் அந்த மூலையில் ஒருவர் தேநீர் உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. இரண்டு மாடி கீழே ஒருவர் அழுதது கேட்கவில்லை. இதை நினைத்து என்னை நானே குற்றம் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் எல்லாம் எனக்கு மிக நன்றாகப் போகிற நாட்களில், ஒரு முறை பால்கனிக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

இன்றைய நிலவரம் இது. கம்பி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே குறுக்காக ஓடுகிறது; அதில் கிளிப் எதுவும் இல்லை. பாப்பா பள்ளிக்கூடம் போய் வருகிறாள். அவளுடைய மருந்தைச் சைக்காக்காரர் நாலு மாடி ஏறி வந்து அக்காவின் கையில் கொடுக்கிறார். லண்டன் இப்போது கொஞ்சம் இரைச்சலோடுதான் வருகிறது.